நாலாவது புள்ளடி

என் மகனுக்கு,

உன் சுகத்தை நான் கடிதத்தில் கேட்க வேண்டியதில்லை. தொலைக்காட்சியைப் போட்டால் நீதான் நிற்கிறாய். கொஞ்சம் மெலிந்திருக்கிறாய், சட்டைக் கழுத்து தொளதொளவென்று இருக்கிறது, மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். எனக்குப் படி இறங்கும்போது மட்டும் முழங்கால் வலி. மற்றபடி கண் தெரிகிறது, காது கேட்கிறது, வாய்க்கு எந்தக் குறையும் இல்லை என்று இந்தப் பக்கம் எல்லாரும் சொல்கிறார்கள். அந்த வாய் திறக்க வேண்டிய ஓர் இடத்தில் மட்டும் பத்து வருஷமாகத் திறக்கவில்லை. அதற்காகத்தான் இன்று பேனாவை எடுத்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் பாராட்டு விழா மலருக்குப் பொறுப்பான மாஸ்டர் வந்தார். அடுத்த மாதம் மாத்தளையில் நடக்கும் விழாவில் எல்லார் கையிலும் கொடுக்கப்போகிறார்களாம். "அம்மா, நீங்க ஒரு அரைப் பக்கம் வாழ்த்து எழுதிக் குடுங்க, போதும். பெத்த வயிறு குளிர்ந்துச்சுன்னு சும்மா கொஞ்ச வரி," என்றார். கூடவே உன் வாழ்க்கை வரலாறு என்று சில தாள்களைக் கையில் தந்து, பிழை இருந்தால் திருத்தச் சொல்லிவிட்டுப் பிளேன்டீ குடித்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். நீ பிறந்த தோட்டம் சரி. படித்த பள்ளிக்கூடம் சரி. உன் அப்பா தேயிலை பெக்டரியில் வேலை செய்ததும், நீ பத்தாம் வகுப்புப் படிக்கையில் அவர் போய்ச் சேர்ந்ததும், நான் தொழிலாளிகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்து உன்னைப் படிக்கவைத்ததும் சரி. அதற்குக் கீழே ஒரு வரி: "முதல் தேர்தலில், நெருங்கிய உறவினர் ஒருவரின் துரோகத்தால் வெற்றி கைநழுவிப் போனது."

பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. நம் தோட்டத்திலிருந்து பல்லேபொல வரைக்கும் அந்த உறவினர் யாரென்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். என் கூடப் பிறந்த தம்பி, உன் தாய்மாமன் தங்கராசு. "இது யாரு சொன்னது மாஸ்டர்?" என்று கேட்டேன். "நம்ம எம்.பி. சேரே சொன்னதுதாம்மா. மேடையிலயும் எத்தனையோ தடவை சொல்லியிருக்காரே," என்றார். சொல்லியிருக்கிறாய், நானும் கேட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் மேடையில் சொன்னது அன்றோடு போனது. அச்சில் வந்தால் உன் பிள்ளைகள் வாசிப்பார்கள், மாமாவின் பேரப்பிள்ளைகளும் வாசிப்பார்கள். மகனே, அந்த வரி பொய். அது பொய் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், மாமாவும் நானும். அதனால்தான் அரைப் பக்கம் கேட்டவருக்கு இவ்வளவு நீளம். இதை ஓர் எழுத்துக் குறைக்காமல் மலரில் போட வேண்டும் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். உன் சம்மதம் வேண்டும் என்கிறார். ஆகவே முதலில் நீ வாசி.

வாழ்த்தும் இதில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த முறை முடிவு வந்த மத்தியானத்தை நீ பார்க்கவில்லை, நீ மாத்தளை டவுனில் தோளில் தூக்கப்பட்டுக்கொண்டிருந்தாய். விருப்பு வாக்குப் பட்டியலை வானொலியில் வாசித்தபோது கட்சியின் பெரிய தலைகளையெல்லாம் தாண்டி உன் பெயர் முதலாவதாக வந்தது. லயத்து வரிசை வீட்டில் பிறந்தவனின் பெயர், மாவட்டத்திலேயே முதலாவது! நம் தோட்டத்தில் வெடித்த வெடியில் ஓடிப்போன நாய்கள் அடுத்த நாள்தான் தேயிலைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. சாயங்காலம் லக்கலயிலிருந்து ஒரு லொறி வந்தது. பூசணிக்காயும் சோளமுமாக இறக்கி வைத்துவிட்டு, ஒரு வயசான சிங்களக் கமக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அம்மே, ஒயாகே புத்தா தமாய் அபே மந்திரித்துமா," என்றார். உங்கள் மகன்தான் எங்கள் எம்.பி. என்று அதற்கு அர்த்தம். பஸ்ஸே எட்டிப் பார்க்காத அந்த ஊருக்குக் காலையிலும் மாலையிலும் பஸ் ஓட வைத்தவன் நீ. யானை வந்து வயலை மிதித்த காலையில், அதிகாரிகளுக்கு முன்னால் சேற்றில் வந்து நின்றவன் நீ. அந்த மனிதருக்கு உன் சாதியும் தெரியாது, நம் பாஷையும் தெரியாது. நான் அழுதேன். அழுதுகொண்டே ஒரு பூசணிக்காயை யார் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டேன்.

முதல் தடவை நீ பாராளுமன்றத்தில் பேசிய நாள் இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போதும் நான் பிள்ளைக் காம்பராவில்தான் வேலை. பாலூட்ட வந்த பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்குத் திரும்பாமல் ஒரு சின்ன போனைச் சுற்றி நின்றார்கள். வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை சத்தம் போட வந்தவர், அவரும் நின்றுவிட்டார். நீ சிங்களத்தில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்தாய். லயத்தில் இருப்பவனுக்கு வீட்டு இலக்கம் இல்லை, அவன் கடிதம் தோட்டத்து ஒபீசுக்குப் போய் அங்கே கிடக்கிறது, நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பிறகு கைக்கு வந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும் என்றாய். அந்தப் பெண் என் பக்கத்தில்தான் நின்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு நீ அந்தக் காரியத்தை விடவே இல்லை. எத்தனை கூட்டம், எத்தனை கோப்பு, எத்தனை தடவை கொழும்புக்கும் கச்சேரி அலுவலகத்துக்கும் நடை! கடைசியில் நம் கதவுகளில் இலக்கம் அடித்து, தபால்காரர் முதல் முறையாக லயத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அன்று, கடிதம் எதிர்பார்க்காதவர்களும் வாசலில் வந்து நின்றார்கள். எனக்கு வந்தது மின்சார பில். அதையும் இரண்டு தடவை வாசித்தேன்.

ஆனால் என்னை உண்மையில் அசைத்த நாள் வேறு. லக்கலப் பக்கம் யானை வேலி பழுதாகிக் கிடந்ததற்கு ஓர் அதிகாரிதான் காரணம் என்று நீ சபையில் காரசாரமாகப் பேசினாய். அடுத்த வாரம் உனக்குத் தெரியவந்தது, அந்த மனிதர் மேலிடத்துக்கு எழுதி எழுதி ஓய்ந்துபோனவர் என்று. நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த அமர்வில் எழுந்து நின்று, "அன்றைக்கு நான் சொன்னது பிழை. அந்த உத்தியோகத்தரிடம் இந்தச் சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்," என்றாய். எதிர்ப்பக்கத்தில் சிரித்தார்கள். நீ சிரிப்பு அடங்கும்வரை நின்று, அதே வசனத்தைச் சிங்களத்திலும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். அயல் வீட்டுக்காரிகள் என்னைப் பார்த்து, "என்ன மனசுக்கா உங்க பிள்ளைக்கு!" என்றார்கள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பெருமையில் போனேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு வெட்கம். நாடே பார்க்க மகன் செய்ததை, இந்த அடுப்படியில் இரண்டு பேருக்கு முன்னால் செய்ய எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

இனி அதைச் சொல்கிறேன். உனக்கு இந்தச் சட்டமெல்லாம் தண்ணீர்பட்ட பாடு, ஆனாலும் மலரை வாசிக்கிற வெளியாட்களுக்காக விளக்கமாக எழுதுகிறேன். நம் நாட்டில் ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு வேலை. மேலே கட்சியின் சின்னத்துக்கு ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி போல ஒரு கீறல். கீழே அந்தக் கட்சியின் வேட்பாளர்களுக்கு இலக்கப் பெட்டிகள் இருக்கும். அதில் நமக்குப் பிடித்த மூன்று பேருக்குப் புள்ளடி போடலாம், அதுதான் விருப்பு வாக்கு. கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதை மேலே போட்டது தீர்மானிக்கும், அந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்பதைக் கீழே போட்டது தீர்மானிக்கும். அதனால் எதிர்க்கட்சிக்காரனைவிட, கூடவே ஒரே மேடையில் கைகோர்த்து நிற்கிறவன்தான் போட்டி. நீ வாத்தியார் வேலையை விட்டுவிட்டு முதல் தடவை தேர்தல் கேட்டபோது உன் இலக்கம் ஆறு. கட்சியின் மூத்தவர் ஒன்று. டவுனில் கடை வைத்திருந்த முதலாளி நாலு. நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வுபெற்று, டவுனில் டிஸ்பென்சரி நடத்திய டாக்டர் ஐயா ஒன்பது.

நம் தோட்டத்தின் மூன்று பிரிவுகளிலும் உன் தேர்தல் வேலைக்கு மாமாதான் பொறுப்பு. அவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், மைக் கிடைத்தால் விடமாட்டான், தன்னைப் பற்றி இரண்டு பங்கு கூட்டித்தான் பேசுவான், என் வீட்டிலிருந்து எடுத்துப்போன குடை ஒன்றாவது திரும்பி வந்ததில்லை. ஆனால் வேலை என்று வந்தால் வேலை. மாதிரி வாக்குச்சீட்டை வைத்துக்கொண்டு லயம் லயமாகப் போய், "சின்னம், ஆறு, ஒண்ணு, நாலு. அதுக்கு மேல கையை வைக்காதீங்க," என்று சொல்லிக்கொடுத்தான். மூத்தவருக்கும் முதலாளிக்கும் புள்ளடி வாங்கித் தருவதாகக் கட்சிக்குள் பேச்சு. அவர்கள் ஆட்கள் பதிலுக்கு உனக்குப் போடுவார்கள். எல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துவிட்டு அவன் ரத்தோட்டைப் பக்கம் போனான். அவன் போன பிறகு நான் தொடங்கினேன்.

நீ மூன்று வயதில் காய்ச்சலில் விறைத்துப்போய் என் மடியில் கிடந்தாய். கண் மேலே செருகிவிட்டது. டாக்டர் ஐயா வேறு வாகனத்துக்குக் காத்திருக்கவில்லை. தன் காரின் பின் ஆசனத்தில் உன்னையும் என்னையும் ஏற்றி, மழையில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நீ கண் திறக்கும்வரை அங்கேயே நின்றார். அப்படிப்பட்டவர் வாக்குக் கேட்டு நிற்கிறார். நான் பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்துகொண்டு, அவரை விட்டுவிட்டு உனக்கு மட்டும் போடச் சொன்னால் அது எந்த ஊர் நியாயம்? மூன்று பேருக்குத்தான் என்று தம்பி சொன்னது எனக்குத் தெரியும். அது கட்சிக்காரர்களின் கருமித்தனம் என்று நினைத்தேன். சட்டம் என்று நினைக்கவில்லை. நாலு போட்டால் நாலு பேருக்கும் போய்ச் சேரும், யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று என் புத்தி வேலை செய்தது. தம்பியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் வியாக்கியானம் பண்ணுவான் என்று கேட்கவில்லை.

பிள்ளைகளை விட வந்த தாய்மார், பாலூட்ட வந்தவர்கள், சாயங்காலம் தூக்கிப்போக வந்தவர்கள், எல்லாரிடமும் சிலேட்டில் கீறிக் காட்டினேன். "சின்னம், ஆறு, ஒண்ணு, நாலு, ஒம்பது" என்று பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது போலச் சொல்லிக்கொடுத்தேன். "தங்கராசு அண்ணன் மூணுதானே சொன்னாரு?" என்று ஒருத்தி கேட்டாள். "அவன் மறந்திருப்பான். டாக்டர் ஐயா கை படாத பிள்ளை இந்தத் தோட்டத்துல உண்டா?" என்றேன். அவளும் ஒன்பதைச் சேர்த்து ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். தங்கள் பிள்ளைகளை நாள் முழுக்க நம்பி விட்டுப்போகிற பெண்கள், நான் சொன்னால் தட்டுவார்களா? வீட்டு ஆம்பிளைகளுக்கும் அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று பிரிவும் ஒரே ஆளைப்போல் நாலு புள்ளடி போட்டது.

மூன்றுக்கு மேல் போட்டால் கட்சிக்குப் போட்டது மட்டும் செல்லும். கீழே போட்ட அத்தனையும் செல்லாது. உனக்கும் போகவில்லை, டாக்டர் ஐயாவுக்கும் போகவில்லை. கட்சிக்குக் கிடைத்த கடைசி ஆசனம், நம் ஆட்கள் புள்ளடியே போடாத வேறொருவருக்குப் போனது. உனக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசத்தை நம் மூன்று பிரிவுகளின் வாக்கு மட்டுமே தாண்டிவிட்டிருக்கும். நான் நன்றி செலுத்திய லட்சணம் அது, பெற்ற பிள்ளையையும் காப்பாற்றிய டாக்டரையும் ஒரே சிலேட்டில் தோற்கடித்தேன்.

மாமா வாக்கெண்ணும் இடத்தில் கட்சியின் முகவராக இருந்தான். கட்டுக் கட்டாக அதே நாலு இலக்கத்தை ஒதுக்கி வைப்பதை அவன் கண்ணால் பார்த்தான். மறுநாள் பிள்ளைகள் தூங்குகிற நேரம் பார்த்து காம்பராவுக்கு வந்தான். நான் பால் கரைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நம்ம ஆளுங்களுக்கு ஒம்பதும் போடச் சொன்னது யாருக்கா?"

"ஏன்டா, டாக்டர் ஐயாவுக்குப் போட்டா என்ன தப்பு?"

"நாலு போட்டா நாலுமே செல்லாதுக்கா. கட்சிக்கு மட்டுந்தான் போகும். நம்ம புள்ள தோத்தது அதுலதான்."

என் கையிலிருந்த கோப்பை எங்கே விழுந்தது என்று தெரியாது. "அவன்கிட்ட சொல்லிடாதடா" என்பதுதான் நான் பேசிய முதல் வார்த்தை. மகனே, உன் தோல்விக்காக அழுவதற்கு முன்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன். அவன் குனிந்து, உடைந்ததைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் நீ வந்தாய். யாரோ உன்னிடம் சொல்லிவிட்டிருந்தார்கள், நம் தோட்டத்துச் சீட்டுகளிலெல்லாம் ஒன்பது இருந்தது என்று. அடுப்படியில் நாம் மூன்று பேர்தான். "யாரு மாமா ஒம்பது போடச் சொன்னது?" என்று கேட்டாய். மாமா என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன். என் வாயிலிருந்து வரும் என்று அவன் காத்திருந்தது எனக்குத் தெரியும். எரிகிற விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். "நான்தான் தம்பி," என்றான் அவன். "சொல்லிக் குடுக்கிறப்ப பெசகிடுச்சு." நீ அவனை ஏற இறங்கப் பார்த்து, "பெசகலை மாமா. உங்க மக அந்த டாக்டரோட டிஸ்பென்சரியிலதானே வேலை செய்யுது? அவ வேலைக்காக என்னை வித்துட்டீங்க," என்றாய். ஊருக்கே கேட்கப் பேசுகிறவன், ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். நானும் பேசவில்லை. அவன் செய்தது தியாகம், நான் செய்தது துரோகம். உன் மலரில் இருக்கிற அந்தச் சொல் சரிதான், ஆள்தான் மாறிவிட்டது.

ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில், அம்மாவே தோற்கடித்தாள் என்று தெரிந்தால் நீ அரசியலையே விட்டுவிடுவாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சிலேட்டைப் பார்த்துப் போட்ட பெண்கள், தம்பி சொல்லித்தான் நான் கீறினேன் என்று நினைத்தார்கள், அதையும் நான் மறுக்கவில்லை. பிறகு உனக்குக் கலியாணம் வந்தது. தாய்மாமன் மாலை போட வேண்டிய இடத்தில் தூரத்துச் சொந்தத்தில் ஒருவரை நிறுத்தினாய். உன் மாமா ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுச் சட்டையோடு நின்றான். நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். கலியாண வீட்டில் கலவரம் வேண்டாம் என்று விட்டேன். அடுத்த தேர்தலில் நீ வென்றாய். இனி எல்லாம் தானாக ஆறிவிடும் என்று விட்டேன். அதற்கும் அடுத்தது உண்மையான காரணம்: எம்.பி.யின் அம்மா என்று ஊர் எனக்கு நாற்காலி போட்டது, அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது. மேடையில் நீ அவனைக் குத்திப் பேசும்போதெல்லாம் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இதுவும் உனக்குத் தெரியாது: நீ வென்ற இரண்டு தேர்தலிலும், தோட்டத்தை விட்டுப் போய் அவன் குடியேறிய பல்லேபொலயில் வீடு வீடாக உன் நோட்டீசைக் கொடுத்த ஆள் அவன்தான். யார் கேட்டாலும் தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று உன் ஆட்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். அங்கிருந்து சந்தைக்கு வருகிற சிங்களப் பெண்கள் எனக்குச் சொல்லிச் சிரித்தார்கள்: "அந்த மாமா ஓட்டுக் கேட்கிறதைவிட, மூணுக்கு மேல போடாதீங்க, மூணுக்கு மேல போடாதீங்கன்னுதான் கும்பிட்டுக் கும்பிட்டுச் சொல்றாரு." அவர்களுக்கு அது வேடிக்கை.

அம்மா என்றால் புத்தி சொல்லாமல் முடிக்க முடியுமா? இனி உன்னிடம் வருகிறவர்கள் கூடுவார்கள். கலேவெலயிலிருந்து வெங்காயக்காரர் வருவார், டவுனிலிருந்து முதலாளிமார் வருவார்கள், தோட்டத்திலிருந்து நாமே வருவோம், உன்னைத் தூக்கி வளர்த்தேன் என்று பத்துப் பேர் வருவார்கள். எல்லாருக்கும் ஆகட்டும் என்று தலையாட்ட ஆசையாக இருக்கும். யார் முகமும் கோணக்கூடாது என்று நான் ஒரு தடவை நாலு பேருக்குப் போட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. முடியாததை முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொல். டாக்டர் ஐயாவிடம் நான் நேரே போய், "ஐயா, இந்தத் தடவை என் பிள்ளைக்குப் போடுகிறேன், கோபிக்காதீங்க," என்று சொல்லியிருந்தால் அவர் சிரித்துக்கொண்டே தேத்தண்ணீர் கொடுத்திருப்பார். இன்னொன்று, உன் கோபம். அது என்னிடமிருந்து வந்தது, அதனால் எனக்கு அதன் குணம் தெரியும். விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லும், சொன்ன பிறகு இறங்கி வராது. அந்த அதிகாரியின் விஷயத்தில் நீ அதை அடக்கிக் காட்டினாய். வீட்டுக்குள்ளும் அதைச் செய்ய முடியும்.

நேற்றுக் காலை இந்தக் கடிதத்தை இதுவரைக்கும் எழுதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பல்லேபொலவுக்குப் போனேன். மாமா முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். நான் ஒரு வரி விடாமல் வாசித்தேன். குடை விஷயம் வந்தபோது மட்டும், "அது ஒரு குடைதான்," என்றான். முடித்ததும் கையை நீட்டினான்.

"குடுங்கக்கா, கிழிச்சுப் போட்டுருவோம். எம்.பி. அம்மாவே ஓட்டைக் கெடுத்தாங்கன்னு ஊரு சிரிக்கும். புள்ள ஜெயிச்சு உச்சத்துல நிக்கிற நேரம். எனக்கு இது பழகிப்போச்சு."

"சிரிக்கட்டும்டா. எனக்குப் பழகலை. உனக்கு ஏன் பழகணும்?"

அவன் மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தான். பரப்பியதையே திரும்பத் திரும்பப் பரப்பினான். நான் எழுந்து பஸ்ஸுக்குப் புறப்பட்டபோதுதான் தலையைத் தூக்காமல் கேட்டான்: "அவன் இங்க வருவானா அக்கா?"

வருவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். உன் பெயரைச் சொல்லி நான் யாருக்கும் பஸ் தருவதாகவோ வேலை தருவதாகவோ வாக்குக் கொடுத்ததில்லை. கொடுத்தது இந்த ஒன்றுதான். என் மேல் எவ்வளவு கோபம் வருகிறதோ வரட்டும், அதை நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன். அந்த வரியை எடுத்துவிட்டு, முதல் தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர் அவருடைய அம்மா என்று போடச் சொல். நீ எப்படியும் வென்றுவிட்டாய், மாவட்டத்திலேயே முதலாவதாக வென்றிருக்கிறாய், இந்த உண்மையைத் தாங்குகிற உயரத்தில்தான் நிற்கிறாய். மலர் அச்சுக்குப் போவதற்கு முன்னால் பல்லேபொலவுக்குப் போ. கூட வருகிற ஆட்களையும் வாகனத்தையும் பெரிய ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, நீ மட்டும் நடந்து போ. விளக்கம் எதுவும் பேச வேண்டாம். முற்றத்தில் நின்று மாமா என்று ஒரு தடவை கூப்பிடு. அவனுக்கு அக்கா நான் ஒருத்தி, எனக்குப் பிள்ளை நீ ஒருத்தன். அந்த உரிமையோடு அவனைக் கூப்பிட உன்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

உன் அம்மா